டில்லியின் திருவிழாக்கள் இரவலா?

டில்லிக்கென்று ஒரு கலாசாரம் கிடையாது என்ற அபிப்பிராயம் தமிழர்களிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. சென்னையிலோ கும்பகோணத்திலோ படித்தவர்கள் நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் ஒருவர் இதைச் சொன்னால் மற்ற மூவரும் தலையசைப்பார்கள். அதைவிட விசனத்துக்குரியது, டில்லியிலேயே உத்தியோகம் பார்த்து, அங்கேயே பிள்ளைகளைப் படிக்கவைத்து, அங்கேயே ஓய்வூதியம் வாங்கி வாழும் நம்மவர்களிலும் பலர் இதையே சொல்லுகிறார்கள் என்பது. அவர்களுடைய வாதத்தை நியாயமாக எடுத்துரைப்பதானால் அது இவ்வாறு அமையும்: டில்லி, அரசுகள் வந்து தங்கிப் போன பாசறை, அங்கே இன்று நடக்கும் உற்சவங்களில் ஒரு பகுதி, வங்காளத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் பீகாரிலிருந்தும் தெற்கிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் தத்தம் மூட்டைகளோடு கொண்டுவந்த இரவல், மற்றொரு பகுதி, சர்க்கார் தன் பணத்தில் தன் பெருமைக்காக நடத்தும் காட்சி, மண்ணுக்குச் சொந்தமென்று ஏதேனும் இருந்திருந்தால் அதில் பாதி 1857இலும் மீதி 1947இலும் மாண்டுபோயிற்று. இம்மூன்று கூற்றுகளும் பிழையானவை என்பதும், மூன்றையும் சேர்த்து நம்புவதால் நாம் குடியிருக்கும் ஊரையே காணாதவர்களாகிவிடுகிறோம் என்பதும் என் துணிபு.

மாண்டுபோயிற்று என்ற கூற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் அதன்மேல்தான் நிற்கின்றன.

நகரத்தின் தெற்கே, குதுப் மினாருக்கு அருகிலுள்ள மெஹ்ரௌலியில், மழைக்காலம் ஓய்ந்து காற்றில் முதற் குளிர்ச்சி தோன்றும் பருவத்தில், ‘பூல்வாலோன் கி ஸைர்’ என்ற பூக்காரர் பவனி நடந்து வருகிறது. இரண்டாம் அக்பர் ஷா பெயரளவில் சக்கரவர்த்தியாக இருந்த காலத்தில், அவருடைய புதல்வன் மிர்ஸா ஜஹாங்கீர், கும்பெனியின் ரெஸிடெண்டான ஆர்ச்சிபால்ட் ஸீட்டனை நோக்கித் துப்பாக்கியால் சுட்ட குற்றத்துக்காக அலகாபாத்துக்கு அனுப்பப்பட்டான். மகன் மீண்டு வந்தால் மெஹ்ரௌலியில் அடங்கியிருக்கும் சூபி ஞானி குவாஜா குத்புதீன் பக்தியார் காகியின் சமாதிக்கு மலர்ப் போர்வை சார்த்துவதாக அவன் தாய் மும்தாஜ் மஹல் நேர்ந்துகொண்டாள். (தாஜ்மகாலில் உறங்கும் ராணி வேறு, இவள் அதே பெயர் கொண்ட பிற்காலத்தவள்.) மகன் திரும்பினான், 1812ஆம் ஆண்டையொட்டி அந்தப் பிரார்த்தனை நிறைவேறிற்று. தர்காவுக்கு மலர்ப் போர்வை சென்ற அதே நாட்களில், பக்கத்திலுள்ள யோகமாயா தேவியின் கோயிலுக்கும் மலர் விசிறி செல்லவேண்டும் என்று பாதுஷா ஏற்பாடு செய்தார். செங்கோட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் தொலைவிலுள்ள அந்தத் தோப்புகளுக்கு நகரமே குடிபெயர்ந்தது போலச் சென்று, மாமரக் கிளைகளில் ஊஞ்சல் கட்டி, அருவி ஓரத்தில் சமைத்து உண்டு, இரவு முழுவதும் ஷெனாய் கேட்டுத் திரும்புவது அன்றைய டில்லிவாசிகளின் வருஷாந்தர வழக்கமாயிற்று.

இனி, 1857 இந்த விழாவை என்ன செய்தது என்று பார்க்கவேண்டும். கடைசிச் சக்கரவர்த்தியான பகதூர் ஷா ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். இளவரசர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கோட்டைக்குள்ளிருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. விழா தன் சக்கரவர்த்தியை இழந்ததே தவிரத் தன் பூக்காரர்களை இழக்கவில்லை. மூங்கிற் சட்டத்தில் மலரும் ஜரிகையும் கோத்து ஆளுயர விசிறி செய்யும் கைகள் இருந்தன. அவற்றைத் தூக்கிச் செல்லும் தோள்களும் இருந்தன. ஆகையால் அரசன் இல்லாமலே விழா ஆண்டுதோறும் நடந்தது. அதை நிறுத்தியது காலமன்று, ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் நடந்த 1942இல் பிரிட்டிஷ் ஆட்சி. இருபது வருஷ இடைவெளிக்குப் பிறகு, 1961-62இல் ஜவாஹர்லால் நேருவின் ஊக்கத்தால் மீண்டும் தொடங்கிற்று. அன்று முதல் இரு சமயத்தாரும் ஒருங்கே கூடி தர்காவுக்கும் கோயிலுக்கும் செல்லும் அந்தப் பவனி, பிற மாநிலங்களின் விசிறிகளையும் தன்னுடன் சேர்த்துக்கொண்டிருக்கிறது. மாண்டது என்று இதைச் சொல்லுவோர், மெஹ்ரௌலியின் சந்துகளில் அந்த இரவில் ஒரு முறை நின்று பார்த்ததில்லை என்றே நான் கொள்ளவேண்டியிருக்கிறது.

1947இன் கதை இன்னும் கொடியது. ஆனால் அதுவே என் கட்சிக்குப் பெரிய சாட்சியுமாகும். தேசப் பிரிவினையையொட்டிய கலகத்தில் மெஹ்ரௌலி தர்கா சேதப்படுத்தப்பட்டது. அதனை அண்டி வாழ்ந்த முஸ்லிம்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 1948 ஜனவரி 13ஆம் தேதி காந்தியடிகள் தம் வாழ்வின் கடைசி உண்ணாவிரதத்தை டில்லியில் தொடங்கினார். அதை முடித்துக்கொள்ள வேண்டுமானால் இன்னின்னவை நடக்கவேண்டும் என்று அவர் கேட்டவற்றுள் ஒன்று, குவாஜா பக்தியார் காகியின் நினைவு விழாவான உர்ஸ் வழக்கம்போல் நடைபெறவேண்டும், முஸ்லிம்கள் அச்சமின்றி அதற்கு வர இயலவேண்டும் என்பது. 18ஆம் தேதி சகல சமூகத் தலைவர்களும் எழுதிக் கையெழுத்திட்டு வாக்குக் கொடுத்தார்கள், உண்ணாவிரதம் முடிந்தது. 27ஆம் தேதி, உபவாசத்தால் நலிந்த உடலோடு, அண்ணல் தாமே அந்த விழாவுக்குச் சென்றார். அதற்கு மூன்று நாட்களுக்குப் பின் அவர் இல்லை. நாடே பற்றியெரிந்த சமயத்தில், தம் உயிரைப் பணயம் வைத்து அவர் கேட்டவற்றில் ஒன்று ஓர் ஊரின் வருஷாந்தர விழா என்றால், அதன் பொருளை நாம் நிதானித்து உணரவேண்டும். டில்லிவாசிகள் ஒருவரோடொருவர் மனிதராக வாழ்கிறார்கள் என்பதற்கு அந்த விழா நடப்பதைவிடச் சிறந்த அத்தாட்சி வேறில்லை என்று அவர் கண்டார். டில்லியைக் கலாசாரமற்ற ஊர் என்பவர்கள் அவர் கண்டதைக் காணத் தவறுகிறார்கள்.

இதைவிடப் பழமையானது நிஜாமுதீன் தர்காவின் வசந்த விழா. மாகமாதத்து வசந்த பஞ்சமியில், கடுகுப் பூவின் மஞ்சள் வயல்வெளியை மூடும் நாளில், அங்கே கவ்வாலிப் பாடகர்கள் மஞ்சள் துணி பூண்டு, கடுகுப் பூங்கொத்தோடு பாடிக்கொண்டே சமாதிக்குச் செல்கிறார்கள். மருமகனை இழந்த துயரத்தில் மௌனமாகிவிட்ட ஹஸ்ரத் நிஜாமுதீன் அவுலியாவைச் சிரிக்க வைப்பதற்காக, கோயிலுக்குப் பூக்கொண்டு பாடிச்சென்ற பெண்களைக் கண்ட அமீர் குஸ்ரௌ தாமும் மஞ்சள் உடுத்திப் பாடி வந்தார் என்பது அவ்விடத்து ஐதீகம். குருவும் சீடரும் மறைந்தது ஒரே ஆண்டில், 1325இல். ஐதீகத்தை ஆராய்ச்சியாளர் எப்படி வேண்டுமாயினும் எடைபோடட்டும். வழக்கம் பழையது என்பதற்கு ஒரு தென்னவரின் எழுத்தே சான்று பகர்கிறது. நிஜாமின் பரிவாரத்தோடு தக்காணத்திலிருந்து வந்து, 1738 முதல் 1741 வரை டில்லியில் தங்கிய தர்கா குலீ கான், தாம் கண்டவற்றைப் பாரசீகத்தில் எழுதிவைத்தார். ‘முரக்கா-ஏ-தெஹ்லி’ என்று அந்த நூல் வழங்குகிறது. வசந்த காலத்தில் ஊர் மக்கள் நாளுக்கொரு தலமாகச் சென்று இசையோடு கொண்டாடியதை அதில் அவர் விவரிக்கிறார். அவர் அங்கிருந்த 1739ஆம் ஆண்டில்தான் நாதிர் ஷா டில்லியைச் சூறையாடினான் என்பதை நினைத்தால், அழிவும் விழாவும் ஒருசேர அந்த நகரத்தின் சரித்திரத்தில் எவ்வளவு காலமாக நடந்து வருகின்றன என்பது புலனாகும்.

அந்த நூல் போற்றும் கலைஞருள் ஒருவர் நியாமத் கான். ‘ஸதாரங்’ என்ற முத்திரையோடு அவர் இயற்றிய கயால் பாடல்களை இன்றும் புனேயிலும் தார்வாரிலும் கல்கத்தாவிலும் வித்வான்கள் பாடுகிறார்கள். தபலா வாத்தியத்தின் மிகப் பழைய கரானா டில்லியுடையதே. லக்னோ, அஜ்ராடா, பரூக்காபாத், காசி ஆகிய சம்பிரதாயங்கள் அதிலிருந்து கிளைத்தவை. பிறருக்கு இத்தனை கொடுத்த ஊரை, எல்லாவற்றையும் பிறரிடம் வாங்கிய ஊர் என்று சொல்வது எந்த வகையில் நியாயம்?

ஆயினும், வந்தேறிகளின் உற்சவங்கள் டில்லியில் பலவாக உள்ளன என்பது மெய்தான். அதை மறுக்க வேண்டிய அவசியமே இல்லை. இரவல் வாங்குவது இழிவு என்ற எண்ணத்தைத்தான் மறுக்கவேண்டும். அதற்குத் தஞ்சாவூரே போதும். கலைக்கு உறைவிடம் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் அந்தச் சீமையை ஆண்டவர்கள் தெலுங்கு பேசிய நாயக்கர்கள், பிறகு மராட்டியர்கள். அங்கே பிறந்த தியாகையர் பாடியது தெலுங்கில். நம் பாட்டிமார் கண்ணீர் மல்கக் கேட்ட ஹரிகதை, மராட்டியக் கீர்த்தனகாரர்களின் முறையைத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நம் சங்கீதத்தோடு இணைத்ததால் உருவானது. கச்சேரி மேடையில் பக்கவாத்தியமாக அமர்ந்திருக்கும் பிடில், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து கற்றுக்கொண்டது. இவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, மண்ணில் முளைத்தது மட்டும் போதும் என்று சொல்லுவாரா எவரேனும்? சென்னையின் மார்கழிக் கச்சேரிப் பருவமோ, 1927 டிசம்பரில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபையோடு சேர்ந்து நடந்த சங்கீத மாநாட்டின் விளைவாக, 1928இல் தோன்றிய சங்கீத வித்வத் சபையிலிருந்து வளர்ந்தது. ஒரு நூற்றாண்டு முழுமையாகாத, அரசியல் மாநாட்டின் நிழலில் தோன்றிய அந்தப் பருவத்தை நம்முடைய ஆதி சம்பிரதாயம்போல் பேசுகிறோம். பேசுவது தவறும் அன்று, ஏனென்றால் ஆண்டுக்காண்டு கேட்டும் பாடியும் அதை நம்முடையதாக்கிக்கொண்டிருக்கிறோம். அதே உரிமையை டில்லிக்காரனுக்கு மறுப்பதுதான் தவறு.

காஷ்மீர் கேட்டில் வங்காளிகள் துர்க்கா பூஜை தொடங்கியது 1910இல். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தர்பாரில் அறிவித்ததோ 1911 டிசம்பர் 12ஆம் தேதி. அதாவது புது டில்லி என்ற நகரம் எண்ணத்தில்கூட வெளிப்படாத நாளிலேயே அந்தப் பூஜை அங்கே இருந்தது. ராஷ்டிரபதி பவனத்தைவிட மூத்த அதை இன்னும் எத்தனை தலைமுறைக்கு வெளியூர் விழா என்று சொல்லுவது? 1941இல் சுமார் 9.18 லட்சமாக இருந்த டில்லியின் ஜனத்தொகை 1951இல் சுமார் 17.44 லட்சமாயிற்று. பத்து வருஷத்தில் ஏறக்குறைய இரட்டிப்பான அந்த ஜனத்திரளில் புதிதாகச் சேர்ந்தவர்களுள் மிகப் பலர் மேற்குப் பஞ்சாபிலிருந்து உடைமையெல்லாம் இழந்து வந்த அகதிகள். கூடாரத்தில் வாழ்ந்த காலத்திலும் அவர்கள் தை பிறக்கும் முந்திய இரவில் லோஹ்ரித் தீயை வளர்த்தார்கள். இன்று அந்தத் தீயைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் மலையாளிக் குழந்தையும் ஒடியாக் குழந்தையும் நிற்பது, அகதியின் வழக்கம் ஊரின் வழக்கமாகிவிட்டது என்பதன் நிரூபணம். தீபாவளி கழிந்த ஆறாம் நாள், இடுப்பளவு நீரில் நின்று அஸ்தமன சூரியனுக்கும் உதய சூரியனுக்கும் அர்க்கியம் விடும் பீகார்ப் பெண்களின் சட் விரதமும் அப்படியே. அந்த நகரத்தின் வீடுகளைக் கட்டிய கைகள் அவர்களுடைய குடும்பத்தாரின் கைகள்; யமுனையின் மீது அவர்களுக்கில்லாத பாத்தியதை வேறு யாருக்கு உண்டு?

ராமலீலையைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் அதுவே தனிக் கட்டுரையாகும். புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வந்து தசராவோடு முடியும் பத்து நாட்களில் பழைய டில்லியின் மைதானங்களும் பேட்டைகளின் முச்சந்திகளும் நாடக மேடைகளாகின்றன. மேற்கு டில்லியில் தித்தர்பூர் என்ற இடத்தில் சாலையோரமெங்கும் மூங்கிலைப் பிளந்து, வளைத்து, காகிதம் ஒட்டி, ராவண கும்பகர்ண மேகநாதர்களின் உருவங்களைக் கட்டி நிறுத்துகிறார்கள். சுற்றுப்புற மாநிலங்களிலிருந்தெல்லாம் தொழிலாளர்கள் அதற்காக வந்து தங்குகிறார்கள். தசமி மாலையில் எரிந்து சாம்பலாவதற்கென்றே இத்தனை உழைப்பும், வர்ண ஞானமும், உயரத்தில் ஏறிக் கட்டும் துணிச்சலும் செலவிடப்படுவதைப் பார்த்தவர்களுக்குக் கலை என்றால் என்ன என்பது பற்றி வேறு உபதேசம் தேவைப்படாது. இன்னொரு பக்கம், ஸ்ரீராம் பாரதீய கலா கேந்திரம் 1957 முதல் அதே கதையை நாட்டிய நாடகமாக நடத்தி வருகிறது. முச்சந்தி மேடையும் அரங்க மேடையும் ஒரே இரவில், ஒரே கதைக்காக விளக்கேற்றும் ஊர் டில்லி.

சர்க்கார் காட்சி என்ற வாதம் எஞ்சி நிற்கிறது. இதில் ஓரளவு உண்மை உண்டு. குடியரசு தினத்தையொட்டி வரவழைக்கப்படும் கிராமிய நடனங்கள், விடியும்வரை ஆட வேண்டியவை, சில நிமிஷங்களுக்குள் வெட்டப்பட்டு, ஒரே தையற்காரர் தைத்தாற்போன்ற உடைகளில் மேடையேறுவதை நானும் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். மந்திரி எழுந்து போனதும் முன்வரிசை காலியாகிவிடும் விழாக்களும் உண்டு. ஆனால் அரசின் ஆதரவு பட்டாலே கலை பட்டுப்போகும் என்பவர்கள், தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைப் படிக்கவேண்டும். நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை ஊரூராகத் தேடி வரவழைத்து, வீடு கொடுத்து, ஆளுக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல் அளந்தவன் ராஜராஜன். அதுவும் சர்க்கார் செலவுதான். டில்லியில் சர்க்கார் ஆதரவால் விளைந்த நன்மைக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 1954இல் டில்லியில் கூடிய சர்வகலாசாலைகளின் இளைஞர் விழாவில் பிரியம்வதா மொஹந்தி என்ற மாணவி ஒடிஸி ஆடினார். அதைக் கண்ட கலை விமர்சகர் சார்லஸ் பாப்ரி, இது சாஸ்திரீய நடனம் என்று உணர்ந்து எழுதினார். ஒரிஸ்ஸாவுக்கு வெளியே பெரும்பாலோர் அறியாதிருந்த ஒரு கலை நாட்டின் கவனத்துக்கு வந்தது அந்த மேடையிலிருந்துதான். பரதமும் கதக்கும் மணிப்புரியும் ஒடிஸியும் ஒரே வாரத்தில், ஒரே ரசிகன் கண்ணில், பல சமயம் கட்டணமே இல்லாமல் படக்கூடிய இன்னொரு நகரம் இந்தத் தேசத்தில் எது என்று யோசித்துப் பார்க்கவேண்டும்.

மேலும், சர்க்கார் ஆணையிடாத விழா ஒன்றை, சர்க்காரின் தலையாய விழா நாளிலேயே டில்லி கொண்டாடுகிறது. ஆகஸ்ட் 15ஆம் தேதி காலையில் செங்கோட்டைக் கொத்தளத்தில் பிரதம மந்திரி பேசி முடித்த பிறகு, பகலெல்லாம் நகரத்தின் மொட்டைமாடிகளில் சிறுவரும் கிழவரும் பட்டம் விடுகிறார்கள். அதற்குப் பல நாட்கள் முன்பே பழைய டில்லியின் லால் குவான் கடைவீதியில் பட்டமும் நூற்கண்டும் குவிந்துவிடும். ஈரக் காற்று வீசும் ஆவணிப் பருவத்தின் பழைய விளையாட்டை, புதிய சுதந்திரத்தின் நாளோடு ஜனங்கள் தாமாகவே பிணைத்துக்கொண்டார்கள். இதற்குச் சுற்றறிக்கை இல்லை, மான்யம் இல்லை, அழைப்பிதழ் இல்லை.

இறுதியாக, நம்மைப் பற்றி. டில்லியில் தமிழன் செய்ததெல்லாம் ஊர்க் கோயிலின் நகலும் ஊர்ச் சபாவின் நகலும்தான் என்று நம்மவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1946இல் டில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியது. 1973இல் ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் சுவாமிநாதனுக்குக் கும்பாபிஷேகம் ஆயிற்று. அந்த மலைமந்திரின் கந்த சஷ்டிக்கும் பங்குனி உத்திரத்துக்கும் வரும் வடவரின் தொகையைக் கண்டவர்கள் நகல் என்று சொல்லமாட்டார்கள். டில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதியின் ‘மழை’ முதலில் மேடை கண்டது டில்லித் தமிழர்களின் முயற்சியால். ஷாஜஹானின் மக்கள் அரியணைக்காகப் போரிட்ட சரித்திரத்தை ‘ஔரங்கசீப்’ என்ற தமிழ் நாடகமாக்கியவரும் அவரே. விமானப் படையில் பணிபுரிந்த காலத்தில் அங்குள்ள தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துத் தேறிய கணேசன், ஊர் திரும்பித் திரையுலகில் புகழடைந்தபோது டில்லியைத் தம் பெயருக்கு முன்னே தாங்கி நின்றார். டில்லியில் கலை வளராது என்பது உண்மையானால் இவை எங்கே வளர்ந்தன?

டில்லிக்கு வரும் தமிழ் யாத்ரிகர்கள் கோட்டையையும் மினாரையும் பார்த்துவிட்டு ஆக்ராவுக்கு வண்டியேறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவர்களுக்கு நாள் போதாது. டில்லியிலேயே வாழும் தமிழ்ப் பெற்றோரைத்தான் நான் வேண்டிக்கொள்கிறேன். விடுமுறையில் பிள்ளைகளைத் திருவையாற்றுக்கும் மதுரைக்கும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அவர்கள் பிறந்து வளரும் ஊருக்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் காதுபடச் சொல்லாதீர்கள். வரும் வசந்த பஞ்சமியன்று மாலையில் அவர்களை நிஜாமுதீனுக்கு அழைத்துச் செல்லுங்கள். மழை ஓய்ந்ததும் பூக்காரர் பவனியின் தேதியைக் கேட்டறிந்து மெஹ்ரௌலிக்குச் செல்லுங்கள். தசராவுக்கு முந்திய வாரம் தித்தர்பூர்ச் சாலையில் ஒரு முறை மெதுவாக நடந்து வாருங்கள். அவை உங்களுடைய விழாக்களும்தான்.